"சுயபுத்தியின்மேல் சாயாதே" என்றால் "ஏன்" என்று கேட்கக் கூடாதா?

கேரளத்தின் பாறசாலையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் களியக்காவிளைக்கு அருகே கட்டிக்கொடுத்த தங்கையின் 7 வயது மகன் மூளைக்காய்ச்சலில் விழுந்து, 11 நாள் திருவனந்தபுரத்தில் தீவிர சிகிச்சையில் கிடந்து இறந்துவிட்டான். 3 மாதம் ஆகிறது. துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், "விசுவாசத்தோடு ஜெபித்திருந்தால் பிள்ளை பிழைத்திருப்பான்" என்றாராம். இன்னொருவர், "தோட்டக்காரர் நல்ல பூவைத்தானே முதலில் பறிப்பார்" என்றாராம். தங்கை "ஏன் என் பிள்ளை?" என்று கேட்டபோது நீதிமொழிகள் 3:5ஐ எடுத்துக்காட்டி, சுயபுத்தியின்மேல் சாயாதே என்று வாயை அடைத்துவிட்டார்கள். "கேட்பது பாவமா? புரியாத தேவனை எப்படி நம்புவது? தங்கை இப்போது சர்ச்சுக்கு வர மாட்டேன் என்கிறாள், வற்புறுத்தலாமா?" என்று இவர் கேட்கிறார்.

சகோதரி, கேட்பது பாவம் இல்லை. அதை முதலில் உங்கள் தங்கையிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். மீதியைப் பிறகு வாசித்துக்கொள்ளலாம்.

அந்த வசனத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு வேதாகமம் உண்டு. என்னுடையது தமிழ். என் மனைவி நெய்யாற்றின்கரைக்காரி, பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவள், அவளுடையது மலையாளம். ராத்திரி ஜெபத்தில் ஒரே பகுதியை இரண்டு பேரும் மாறி மாறி வாசிப்போம். தமிழில், "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல், உன் முழு இருதயத்தோடும் கர்த்தரில் நம்பிக்கையாயிருந்து" என்று இருக்கிறது. மலையாளத்தில் அதே இடம், "ஸ்வந்த விவேகத்தில் ஊன்னருது." ஊன்றாதே என்று பொருள். வயதானவர்கள் கம்பை ஊன்றி நடக்கிறார்களே, அந்த ஊன்றல்தான். பல வருஷம் தமிழில் மட்டும் வாசித்தபோது எனக்குப் பிடிபடாத ஒன்று, அவள் வாசித்த அந்த ஒரு சொல்லில் பிடிபட்டது.

மூல எபிரெயத்திலும் இதே படம்தான். கில்போவா மலையில் தோற்றுப்போன சவுல் ராஜா தன் ஈட்டியின்மேல் சாய்ந்துகொண்டு நிற்பதாக 2 சாமுவேல் 1:6இல் வருகிறது. அங்கே இருக்கும் வினைச்சொல்லும் நீதிமொழிகளில் இருக்கும் வினைச்சொல்லும் ஒன்று. ஈட்டி நல்ல ஆயுதம்தான். ராஜா கையில் இருக்க வேண்டியதுதான். ஆனால் உடம்பின் மொத்த பாரத்தையும் அதன்மேல் போட்டு நின்றால் அது எத்தனை நேரம் தாங்கும்? புத்தியும் அப்படி. கையில் இருக்கட்டும், அதைக்கொண்டு வேலை செய்யட்டும். உயிரின் பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்கி வைக்காதே என்கிறது வசனம். இதே நீதிமொழிகளின் அடுத்த அதிகாரம், 4:7, "என்னத்தைச் சம்பாதித்தாலும் புத்தியைச் சம்பாதித்துக்கொள்" என்கிறது. புத்தி வேண்டாம் என்று சொல்கிற புத்தகம் இப்படி எழுதுமா?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த வசனத்தைக் காட்டி ஆஸ்பத்திரிக்குப் போகாதே, மாத்திரையை நிறுத்து என்று சொல்கிறவர்களை எங்கள் பக்கத்தில் நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த என் தூரத்து உறவுக்காரர் ஒருவர், அப்படி ஒரு பேச்சைக் கேட்டு ஊசியை நிறுத்திக் காலை இழந்தார். நம் ஊருக்கு நற்செய்தி கொண்டுவந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. லண்டன் மிஷன் என்ற மிஷனரிச் சங்கம் 1838இலேயே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கிவிட்டது. 1922இல் எவரெஸ்ட் ஏறும் குழுவில் வந்த ஹோவர்ட் சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர், அந்தப் பயணத்துக்குப் பிறகு நெய்யூருக்கு வந்து நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, தன் வாழ்க்கையை இங்கேயே கொடுத்தார். அவர் ஜெபித்தார், கத்தியும் எடுத்தார். ஒன்று மற்றொன்றுக்கு விரோதம் என்று அவருக்குத் தோன்றவில்லை. உங்கள் தங்கையும் மாப்பிள்ளையும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு ஓடியது விசுவாசக் குறைவு இல்லை. அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது அந்த இரண்டு பேரைப் பற்றி. கோபப்படாமல் எழுதப் பார்க்கிறேன்.

"விசுவாசத்தோடு ஜெபித்திருந்தால்" என்றவர், சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு ஜெபித்த கெத்செமனேயை மறந்துவிட்டார். "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்று இயேசு ஒரே இரவில் மூன்று முறை ஜெபித்தார். பாத்திரம் நீங்கவில்லை. பவுலும் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. இயேசுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்காவது தைரியம் உண்டா? இல்லையென்றால் 7 வயதுப் பிள்ளையின் தாயிடம் அதைச் சொல்ல மட்டும் எங்கிருந்து தைரியம் வருகிறது?

பூ பறிக்கிற தோட்டக்காரர் கதை இன்னும் மென்மையாகத் தோன்றும். ஆறுதலுக்காகத்தான் சொல்கிறார்கள், தெரியும். நானே சொல்லியிருக்கிறேன். 24 வயதில், வாலிபர் சங்கத்தில் நன்றாகப் பேசுகிறவன் என்று பெயர் எடுத்திருந்த காலத்தில், ஒரு துக்க வீட்டில் போய், "தேவனுக்கு உங்கள் பிள்ளை தேவைப்பட்டான், எடுத்துக்கொண்டார்" என்றேன். அந்தத் தாய் அழுகையை நிறுத்தி என் முகத்தைப் பார்த்து, "அவருக்கு என்ன பிள்ளைப் பஞ்சமா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியாமல் எழுந்து வந்தேன். 44 வருஷம் ஆகிறது, இன்னும் அதற்குப் பதில் இல்லை, ஏனென்றால் நான் சொன்னது வேதத்தில் இல்லாதது. 1 கொரிந்தியர் 15:26 மரணத்தைக் கடைசிச் சத்துரு என்கிறது. சத்துருவுக்குத் தோட்டக்காரர் வேஷம் போட்டது நான்தான்.

சுயபுத்தியின்மேல் சாய்ந்தது யார் என்று இப்போது பாருங்கள். "ஏன்?" என்று கேட்ட உங்கள் தங்கை தன்னிடம் பதில் இல்லை என்று ஒத்துக்கொள்கிறாள். அவளிடம் ஊன்றுவதற்கு ஒரு கம்பும் இல்லை, அதனால்தான் கதறுகிறாள். பதில் தெரியும் என்று வந்தவர்கள்தான் தங்கள் புத்தியை ஊன்றி நிற்கிறார்கள். தேவன் ஏன் இப்படிச் செய்தார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறதாம். அந்த வசனம் யாருக்காவது எச்சரிக்கை என்றால், விளக்கம் சொல்ல வந்தவர்களுக்குத்தான். எனக்கும் சேர்த்து.

இது என் சொந்தக் கற்பனை இல்லை. செல்வத்தையும் 10 பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்த யோபின் புத்தகம் முழுக்க இதுதான். நம்மில் பலர் யோபை முதல் இரண்டு அதிகாரமும் கடைசி அதிகாரமும் மட்டும் வாசித்தவர்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்றார், பிறகு எல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்தது, முடிந்தது. நடுவில் ஏறக்குறைய 40 அதிகாரம் இருக்கிறது. அதில் யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். தேவனை வழக்குக்கு அழைக்கிறார். "அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்" என்று சொல்கிற அதே வாய்தான் தன் வழக்கை விடமாட்டேன் என்றும் சொல்கிறது. நண்பர்கள் மூன்று பேரும் முதல் 7 நாள் சரியாகத்தான் இருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. நீ பாவம் செய்திருப்பாய், உன் பிள்ளைகள் செய்திருப்பார்கள், தேவன் நீதியுள்ளவர், காரணம் இல்லாமல் தண்டிப்பாரா என்று ஒழுங்காக அடுக்கினார்கள். தனித்தனியாக எடுத்தால் பல வரிகள் பிரசங்கத்துக்கு உதவும். ஆனால் கடைசியில் கர்த்தர் அந்த நண்பர்களில் ஒருவரான எலிப்பாசைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை, உங்கள்மேல் எனக்குக் கோபம் என்கிறார் (42:7). தேவனுக்காக வாதாடியவர்கள்மேல் தேவனுக்குக் கோபம். தேவனோடு வாதாடியவர் பேசியது சரி என்று சான்று.

அப்புறம் இன்னொன்று. யோபுக்குக் கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லை. பரலோகத்தில் என்ன நடந்தது என்று முதல் அதிகாரத்தை வாசிக்கிற நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" என்று தேவன் கேட்கத் தொடங்கி, நட்சத்திரம், பனி, காட்டுக்கழுதை, கழுகு என்று காட்டிக்கொண்டே போகிறார். இளவயதில் இது எனக்கு நழுவலான பதிலாகத் தோன்றியது. இன்று அப்படித் தோன்றவில்லை. யோபுக்குக் காரணத்தைச் சொல்லியிருந்தால், அவர் மீதி நாளெல்லாம் அந்தக் காரணத்தின்மேல் சாய்ந்திருப்பார். அது போதுமா போதாதா என்று எடைபோட்டுக்கொண்டே இருந்திருப்பார். 10 பிள்ளைகளைப் புதைத்தவனுக்கு எந்தக் காரணம் போதும்? கேட்டது கிடைக்காமலே, "இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது" என்று அவர் அடங்குகிறார். ஆளே வந்து எதிரே நின்ற பிறகு காகிதத்தில் எழுதிய பதில் எதற்கு?

இந்த யோபின் கதை நம் மண்ணில் ஒருமுறை, ஒரு மனிதனுக்கு இன்னொரு மனிதன் வாயால் சொல்லப்பட்டது. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் அரண்மனை ஊழியர். மாடுகள் சாக, பயிர் அழிய, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, அவருக்கு யோபின் கதையைச் சொன்னவர் தெலனாய் என்ற டச்சு அதிகாரி. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டவர். பிறகு அதே மகாராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். சொந்த ஊருக்குத் திரும்பாமலே 1777இல் இறந்து, புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். கல்லறைக் கல்லில் லத்தீனோடு தமிழும் செதுக்கியிருக்கிறது, போனால் பாருங்கள். எல்லாவற்றையும் இழந்து அந்நிய மண்ணில் கைதியாக வந்த ஒருவன் சொன்னதால்தான் அந்தக் கதை நீலகண்டனின் நெஞ்சுக்குள் போயிருக்கும் என்பது என் எண்ணம். நஷ்டமே தெரியாதவன் யோபைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்?

நீலகண்டன் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று லாசரு ஆனார். லாசரு என்ற பெயரின் பொருள்தான் தேவசகாயம். பிறகு என்ன? இழந்த மாடுகள் இரட்டிப்பாக வந்தனவா? 1749இல் சிறை. அடி, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக அவமானம், காட்டில் கட்டிவைப்பு. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக்கொன்றார்கள். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் இருக்கிறது. 2022 மே 15 அன்று ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். நான் சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபைக்காரன், புனிதர்களிடம் வேண்டுதல் வைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனாலும் இந்த மனிதரை எனக்கு அந்நியராக நினைக்க முடியவில்லை. தேவனுடைய சகாயம் என்று பெயர் வைத்துக்கொண்டவருக்குத் துப்பாக்கிக்கு முன்னால் எந்த சகாயமும் வரவில்லை. ஆறுதலுக்காகக் கேட்ட கதையைவிடக் கடினமான கதையாக அவர் வாழ்க்கை முடிந்தது. அவரும் காரணத்தின்மேல் சாயவில்லை. சாய்ந்திருந்தால் மூன்று வருஷச் சித்திரவதையில் முதல் மாதமே விட்டிருப்பார்.

"அப்படியானால் புரியாதவரை எப்படி நம்புவது?" என்ற உங்கள் கேள்வி இங்கேதான் வலுவாகிறது. கண்ணை மூடிக்கொண்டு குதி என்று நான் சொல்லமாட்டேன். உபாகமம் 29:29 மறைவானவை கர்த்தருக்கு உரியவை, வெளிப்படுத்தப்பட்டவை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியவை என்று பிரிக்கிறது. அவர் ஏன் இதை அனுமதித்தார் என்பது மறைவில் இருக்கிறது. அவர் எப்படிப்பட்டவர் என்பது மறைவில் இல்லை. பெத்தானியாவில் இன்னொரு லாசருவின் கல்லறைக்கு இயேசு போனதைப் பாருங்கள். இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போகிறார், அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அழுதார். மார்த்தாளும் மரியாளும், "நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று ஒரே குற்றச்சாட்டை ஆளுக்கொரு முறை வைத்தார்கள். அவர் இருவரையும் கடிந்துகொள்ளவில்லை. முடிவு தெரிந்தவரே அழுத இடத்தில், முடிவு தெரியாத நாம் அழக்கூடாது என்று சொல்ல யாருக்கு உரிமை?

சிலுவையில் அவரே "ஏன்" என்று கேட்டார். "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்?" உங்கள் தங்கை கேட்ட அதே ஏன். அந்த நேரத்தில் அதற்குப் பதில் வரவில்லை, வானம் இருண்டுதான் கிடந்தது. ஆனால் கேள்வி "என் தேவனே" என்றுதான் தொடங்குகிறது. என்னைப் பொறுத்தவரை விசுவாசம் என்பது அந்த "என்" தான். கேள்வி தீர்ந்த பிறகு வருவதில்லை. கேள்வியை யாரிடம் கொண்டுபோகிறோம் என்பதில் இருக்கிறது. அவரைப் பார்த்துக் கத்துகிறவள் அவரை விட்டுப் போகவில்லை. நோயாளிப் பையனின் தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னானே, மாற்கு 9:24இல். இயேசு அவனை மறுபடி நன்றாக விசுவாசித்துவிட்டு வா என்று அனுப்பவில்லை.

"சகலமும் நன்மைக்கு ஏதுவாக" என்ற ரோமர் வசனத்தையும் யாராவது சொல்லியிருப்பார்கள். நடந்ததெல்லாம் நல்லது என்று அது சொல்லவில்லை. கெட்டதையும் வைத்து அவர் வேலை செய்வார் என்கிறது. அந்த வித்தியாசம் பெரியது.

ஒக்கி புயல் 2017 நவம்பர் 30 அன்று வந்தது. நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் என்று நம் எல்லையோரக் கடற்கரை ஊர்களில் ஆழ்கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. நிறைய பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. மண்ணால் தமிழ்நாடு, மறைமாவட்டத்தால் திருவனந்தபுரம் என்று இருக்கிற ஊர்கள் அவை. அந்த டிசம்பரில் எங்கள் சபையிலிருந்து அரிசியும் போர்வையும் கொண்டுபோன வண்டியில் நானும் போனேன். ஒரு வீட்டில் மகனை இழந்த வயதான அம்மா திண்ணையில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். 24 வயதில் வாங்கிய பாடம் இருந்ததால் நான் ஒன்றும் பேசவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து அவரே சொன்னார்: "நான் தினமும் அவருகிட்ட சண்டைதான் போடுதேன் மக்களே. ஆனா சண்ட போடவும் அவருதானே இருக்காரு." அவருடைய கடல் அப்படியேதான் இருந்தது, மகன் வரவில்லை, ஜெபமாலையும் நிற்கவில்லை. வேதபாட வகுப்புகளில் நான் 30 வருஷமாகச் சொல்லிக்கொடுக்கப் பார்த்ததை அந்த அம்மா இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

சரி, தங்கை சர்ச்சுக்கு வரமாட்டேன் என்பது. வற்புறுத்த வேண்டாம். அவள் தேவனைவிட அந்த இரண்டு வாய்களுக்குத்தான் பயப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. வாசலில் நின்று இன்னொருவர் இன்னொரு விளக்கம் சொல்வாரோ என்று. முடிந்தால் உங்கள் போதகரைத் தனியாகப் பார்த்து, இன்ன வார்த்தை சொல்லப்பட்டது, அவள் இப்படி உடைந்திருக்கிறாள் என்று சொல்லுங்கள். நல்ல மேய்ப்பராக இருந்தால் அவரே வீட்டுக்கு வருவார், வந்து குறைவாகப் பேசுவார்.

ஞாயிற்றுக்கிழமை நீங்களே எல்லை தாண்டி அவள் வீட்டுக்குப் போய்விடுங்கள். மீன் வாங்கிக்கொண்டு போய்ச் சமையுங்கள். பையனின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், எல்லாரும் அந்தப் பெயரைத் தவிர்க்கிறார்கள் என்பதுதான் இந்த மூன்றாவது மாதத்தில் தாய்மார்களுக்குப் பெரிய வலி. அவளுக்குச் சம்மதமானால் 13ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். முதல் இரண்டு வசனத்தில் நாலு முறை "எதுவரைக்கும்" என்று வருகிறது. கடைசி வசனத்தில் துதி வருகிறது. அவளுக்கு அதுவரை போக முடியவில்லை என்றால் இரண்டாம் வசனத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் பிடிக்கவில்லை என்றால் 88ஆம் சங்கீதம் இருக்கிறது. அதில் கடைசிவரை துதியே வராது, இருட்டில்தான் முடியும், அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். எதையும் வாசிக்க வேண்டாம் என்றால் மூடி வைத்துவிட்டு, அவள் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்று துடைத்து அடுக்குங்கள். அடுத்த ஞாயிறும் போங்கள்.